ஸ்டிர்னர் நிகிலிஸ்ட்தானா? விமர்சனங்களும் பின்விளைவுகளும் – விவாத இழை

மணல்மேடு எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்த இழை இது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் தத்துவவாதி மாக்ஸ் ஸ்டிர்னர் பெயரை யாராவது எடுத்தால் உடனே ஒரு பதில் வந்துவிடுகிறது: "அவர் நிகிலிஸ்ட், எதிலும் நம்பிக்கை இல்லாதவர், மார்க்ஸ் அவரை அன்றைக்கே முடித்துவிட்டார்." அதோடு பேச்சு நின்றுவிடும். நான் ஒரு வருஷமாக அவருடைய புத்தகத்தை ஆங்கிலம் வழியாக மெதுவாகப் படித்துவருகிறேன். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அவரிடம் பெரிய ஓட்டை இருக்கிறது. ஆனால் எல்லோரும் கைகாட்டும் இடத்தில் அது இல்லை என்பதுதான் என் கட்சி.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக. இயற்பெயர் யோஹான் காஸ்பர் ஷ்மிட். 1806-ல் பைராய்ட்டில் பிறந்தவர். அகன்ற நெற்றிக்காக வந்த பட்டப்பெயர்தான் ஸ்டிர்னர். பெர்லினில் பெரிய தத்துவவாதி ஹெகலிடமே பாடம் கேட்டவர், பிறகு ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியர். சாயங்காலங்களில் ஹிப்பெல் என்பவருடைய ஒயின் கடையில், ‘சுதந்திரர்கள்’ என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பார். புரூனோ பௌவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலை. பின்னாளில் மார்க்ஸின் கூட்டாளியான எங்கெல்ஸும் இளவயதில் அங்கே வந்துபோனவர். 1844 கடைசியில் லைப்சிக்கில் ஓட்டோ விகாண்ட் என்ற பதிப்பாளர் ஸ்டிர்னரின் ஒரே பெரிய புத்தகத்தை வெளியிட்டார். தலைப்பை ‘ஒருவனும் அவன் உடைமையும்’ என்று தமிழாக்கலாம், ‘ஒருவன்’ என்றால் ஒப்பில்லாத தனி ஆள். சாக்சனி அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சில நாளிலேயே, ஆபத்தாக முடியாத அளவுக்கு இது அபத்தம் என்று சொல்லித் தடையை எடுத்துவிட்டது.

அவர் சண்டை கடவுளோடு இல்லை. கடவுளை ஃபாயர்பாக் என்ற தத்துவவாதி அதற்கு முன்பே இறக்கிவிட்டார். மனிதன் தன்னுடைய நல்ல குணங்களையே வானத்தில் ஏற்றி வைத்துக் கும்பிடுகிறான் என்று 1841-ல் ‘கிறிஸ்தவத்தின் சாரம்’ நூலில் எழுதினார். ஸ்டிர்னர் அவரைக் கேட்டது இது: சரி, இறக்கிவிட்டாய். காலியான பீடத்தில் ‘மனிதன்’ என்று பெரிய எழுத்தில் இன்னொன்றை எதற்கு ஏற்றினாய்? ‘கடவுள் அன்பானவர்’ என்பதைத் திருப்பிப் போட்டு ‘அன்பு தெய்வீகமானது’ என்று சொன்னால், பீடம் இருந்த இடத்தில்தானே இருக்கிறது? "நம் நாத்திகர்கள் பக்திமான்கள்" என்ற வரி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. கடவுள் போன பிறகும் அரசு, சட்டம், ஒழுக்கம், தேசம், மனிதகுலம் என்று நம் தலைக்கு மேலே நின்று நம்மை ஆட்டுகிற எல்லாவற்றையும் அவர் பேய் என்கிறார்.

இனி அந்த ‘ஒன்றுமில்லை’ விஷயம். கோதேயின் ஒரு பாட்டிலிருந்து எடுத்த வரியோடு புத்தகம் தொடங்கி, அதே வரியோடு முடிகிறது: என் காரியத்தை நான் ஒன்றுமில்லாததின்மேல் வைத்துவிட்டேன். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிகிலிஸ்ட் பட்டம் கட்டுகிறார்கள். ஆனால் அந்த முன்னுரையிலேயே அவர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: வெறுமை என்ற பொருளில் நான் ஒன்றுமில்லாதவன் இல்லை, நான் படைக்கிற இன்மை, அதிலிருந்துதான் நானே எல்லாவற்றையும் படைத்துக்கொள்கிறேன். எதுவும் வேண்டாம் என்று சோர்ந்து உட்கார்ந்தவனின் பேச்சாக இது எனக்குத் தெரியவில்லை.

என் சந்தேகம் வேறு. என் பலத்துக்கு எட்டுவதே என் உடைமை என்கிறாரே, பலமே இல்லாதவர்கள் கதி என்ன? அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் உங்கள் கருத்துகள் வரட்டும்.


தறிச்சத்தம் எழுதியது:

நல்ல தொடக்கம் தோழர். ஆனால் மார்க்ஸை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

புத்தகம் வந்தவுடனே எங்கெல்ஸுக்கு அது பிடித்திருந்தது. 1844 நவம்பர் 19 தேதியிட்டு மார்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில், இதை ஒதுக்காமல் தலைகீழாகப் புரட்டி அதன்மேல் கட்ட வேண்டும் என்கிறார். மார்க்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஜனவரியில் எங்கெல்ஸும் கருத்தை மாற்றிக்கொண்டார். அப்புறம் 1845–46-ல் இருவரும் ‘ஜெர்மன் சித்தாந்தம்’ எழுதினார்கள். அதில் பெரும்பகுதி ‘புனித மாக்ஸ்’ என்ற தலைப்பில் ஸ்டிர்னருக்குத்தான் போகிறது, அச்சில் 300 பக்கத்துக்கு மேல். அவர்கள் காலத்தில் அது வெளிவரவில்லை. முழுமையாக அச்சேறியது 1932-ல். எனவே "அன்றைக்கே முடித்துவிட்டார்" என்பது தவறு, அதை ஏற்கிறேன். ஸ்டிர்னர் சாகும்வரை அந்தப் பக்கங்களைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் விமர்சனத்தின் உயிர்நிலை இன்னும் நிற்கிறது. அந்த நூலின் முன்னுரையில் ஒரு ஆளைச் சொல்வார்கள். மனிதர்கள் தண்ணீரில் மூழ்குவதற்குக் காரணம் அவர்கள் தலைக்குள் புவியீர்ப்பு என்ற எண்ணம் குடியிருப்பதுதான், அதை விரட்டிவிட்டால் யாரும் மூழ்கமாட்டார்கள் என்று நம்பினானாம். ஸ்டிர்னர் உட்பட, ஹெகலைப் படித்து வளர்ந்த அந்த இளம் ஹெகலியர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். எண்ணத்தை மாற்றினால் தண்ணீரின் ஆழம் குறையாது.

என் அப்பா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டியவர். வேலைக்குச் சேரும்போது வாங்கிய முன்பணம் முதலாளியின் நோட்டில் இருக்கும். வாரக் கூலியில் பிடித்தது போக அந்தத் தொகை இறங்கவே இறங்காது. நல்லது கெட்டது வந்தால் ஏறும். அந்த நோட்டை நானே பார்த்திருக்கிறேன், நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு, அப்பா பெயருக்கு நேராகப் பென்சில் கோடு. அதைப் பேய் என்று சொல்லி அப்பாவால் வேறு தறிக்குப் போயிருக்க முடியுமா? ஸ்டிர்னரும் 1853-லும் 1854-லும் கடனுக்காகச் சிறையில் இருந்தவர். அந்தக் கதவு அவர் மண்டைக்குள் இருந்த கதவு இல்லை. மனிதரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை, அவர் பட்ட கஷ்டம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அவர் தத்துவத்தில் கடனுக்கும் கூலிக்கும் இடம் எங்கே?


ஒற்றைப்பனை எழுதியது:

அண்ணா, உங்கள் அப்பா கதை மனதைப் பிசைந்துவிட்டது. ஆனால் ஸ்டிர்னர் சொன்னது நீங்கள் நினைப்பது இல்லை என்று நினைக்கிறேன்.

அரசு கண்ணுக்குத் தெரியாத கற்பனை, ஊதினால் போய்விடும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. போலீஸும் சிறையும் நிஜம். அவற்றுக்கு முன்னால் நாம் தலைகுனிகிறோமே, அந்தப் ‘புனிதம்’தான் பேய் என்கிறார். கூலியைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: அரசு உழைப்பின் அடிமைத்தனத்தின்மேல் நிற்கிறது, உழைப்பு விடுதலையானால் அரசு தொலைந்தது. தொழிலாளிகள் கையில் எவ்வளவு பெரிய பலம் இருக்கிறது, அதை அவர்கள் உணர்ந்து ஒருமுறை பயன்படுத்தினால் எதுவும் எதிரே நிற்காது என்றும் அந்த இடத்திலேயே வருகிறது. 1844-ல் எழுதிய வரிகள் அண்ணா இவை.

அந்த முன்பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவைக் கட்டியது பாதி பணம். மீதிப் பாதி? "வாங்கின கைக்கு வாக்கு மாறக்கூடாது" என்ற எண்ணம். என் தாத்தாவிடமும் அதைப் பார்த்திருக்கிறேன். நியாயமே இல்லாத கணக்குக்கும் வாக்கு என்று சொல்லிக் கட்டுப்பட்டே கிடந்தார். ஸ்டிர்னர் கேட்கிறார்: நேற்று நான் முட்டாளாக இருந்ததற்காக ஆயுள் முழுக்க முட்டாளாக இருக்க வேண்டுமா?

இன்னொன்று. மார்க்ஸ் 1844 வரை ஃபாயர்பாக்கின் மொழியில்தான் பேசிக்கொண்டிருந்தார், மனிதனின் ‘இனச்சாரம்’ என்றெல்லாம். 1845 வசந்தத்தில் எழுதிய பதினொரு குறிப்புகளில் அந்த மொழி உடைந்துவிட்டது. மனிதச் சாரம் என்பது தனித்தனி ஆளுக்குள் குடியிருக்கும் பொருள் இல்லை, சமூக உறவுகளின் மொத்தம் என்கிறார். நடுவில் வந்த புத்தகம் எது என்று பாருங்கள். மார்க்ஸை ஃபாயர்பாக்கிடமிருந்து பிரித்ததில் ஸ்டிர்னருக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இல்லாவிட்டால் ஒரு வெற்று ஆளுக்கு யார் 300 பக்கம் எழுதுவார்கள்?


ரைன்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் யேர்மனியில் முப்பது வருசத்துக்கு மேலாக இருக்கிறேன். புத்தகத்தை டொச்சிலேயே, அதாவது ஜெர்மன் மொழியிலேயே வாசித்தபடியால் சொற்கள் பற்றி மட்டும் கொஞ்சம் எழுதுகிறேன்.

நீங்கள் ‘பேய்’ என்பது மூலத்தில் ‘ஷ்பூக்’. 1907-ல் பையிங்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘ஸ்பூக்’ என்று வந்தது. ஆளைக் கொல்கிற பேயில்லை அது. பழைய வீட்டில் இரவில் சத்தம் கேட்குமே, அந்த மாதிரி ஒன்று. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நாங்கள் சொல்கிற பேய்தான் சரியாகப் பொருந்தும். இருட்டு உண்மையாகவே இருக்கிறது, அரட்சி எங்களுடையது.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. "மனிதா, உன் தலைக்குள் பேய் உலாவுது, உனக்கு ஒரு ‘ஷ்பாரன்’ கூடிப்போச்சு" என்று நேரே வாசகனைப் பார்த்துக் கத்துவார். ஷ்பாரன் என்றால் கூரையில் போடுகிற சாய்வு மரம். கூரையில் ஒரு மரம் கூடிப்போச்சு என்றால் ஆள் சரியில்லை என்று அர்த்தம். தமிழில் ‘மரை கழண்டு போச்சு’ என்போம். எங்களுக்கு ஒன்று குறைந்தால் பைத்தியம், அவர்களுக்கு ஒன்று கூடினால் பைத்தியம். ஸ்டிர்னருக்கு அந்தக் ‘கூடுதல்’ தேவைப்படுகிறது. தலைக்குள் ஒரு எண்ணம் மேலதிகமாக வந்து உட்கார்ந்து ஆளையே ஆள்கிறது என்றுதானே அவர் சொல்ல வருகிறார்? ஆகவே மொழிபெயர்க்கிறபோது மரை கழண்டதைப் போட்டால் வசனம் நல்லாயிருக்கும், கருத்து விழுந்துவிடும்.

‘உடைமை’யும் அப்படித்தான். ஹான்ஸ் ஹெல்ம்ஸ் என்பவர் 1966-ல் பெரிய புத்தகம் எழுதி, ஸ்டிர்னர் நடுத்தர வர்க்கத்தின் சொத்து ஆசையைத் தத்துவமாக்கியவர், பாசிசத்துக்கு முன்னோடி என்று சாதித்தார். ‘ஐகன்டூம்’ என்ற சொல்லை வீடு வளவு என்று மட்டும் எடுத்தால் அப்படித்தான் விளங்கும். ஆனால் ‘ஐகன்’ என்றால் ‘எனக்கே உரிய’ என்று பொருள். என் யோசனை, என் கோபம், நான் நேசிக்கிற ஆள் எல்லாம் அதற்குள் வரும். தனிச்சொத்தை அரசு சட்டம் போட்டுக் காப்பாற்றுவதை ஸ்டிர்னர் அந்தப் புத்தகத்திலேயே தாக்குகிறார். சட்டத்தின் தயவில் வைத்திருப்பது உன்னுடையது இல்லை என்பது அவர் வாதம். ஹெல்ம்ஸ் கடுமையாக உழைத்தவர், ஆனால் இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை.


வைகைக்கரை எழுதியது:

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் பெயரை யாருமே சொல்லவில்லை. புத்தகம் யாருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது என்று பார்த்தீர்களா? ‘என் அன்புக்குரிய மாரி டேன்ஹார்ட்டுக்கு.’

மாரி வசதியான மருந்துக் கடைக்காரரின் மகள். ஹிப்பெல் கடைக்குப் போய் ஆண்களோடு சமமாக உட்கார்ந்து சுருட்டுப் பிடித்த பெண். 1843-ல் ஸ்டிர்னர் வீட்டிலேயே கல்யாணம். பாதிரியார் வந்து நிற்கும்போது மோதிரம் இல்லை. புரூனோ பௌவர் தன் பணப்பையில் இருந்த இரண்டு பித்தளை வளையங்களைக் கழற்றிக் கொடுத்தார், அதைத்தான் மாற்றிக்கொண்டார்கள். தாலிக்குப் புனிதம் கிடையாது என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் என்ன நடந்தது? 1845-ல் மாரியின் பரம்பரைப் பணத்தைப் போட்டுப் பால் வியாபாரம் ஆரம்பித்தார்கள். பால் வந்தது, வாங்க ஆள் வரவில்லை. பணம் போயிற்று. அடுத்த வருஷம் மாரி பிரிந்து லண்டன் போனார். சொந்தமாக உழைத்துப் பிழைத்தார், ஆஸ்திரேலியா வரை போய்த் திரும்பினார், கத்தோலிக்கரானார். ஸ்டிர்னரின் வரலாற்றை எழுதிய ஜான் ஹென்றி மெக்கே 1897-ல் அவரைத் தேடி லண்டன் போனபோது பார்க்க மறுத்துவிட்டார். எழுத்தில் மட்டும் சில பதில் கொடுத்தார். அந்த மனிதரைத் தான் நேசித்ததும் இல்லை, மதித்ததும் இல்லை என்று எழுதினார். உண்மையான நண்பர்கள் அமைய முடியாத அளவுக்குச் சுயநலக்காரர் என்றும் சொன்னார்.

ஒரு மனைவியின் கசப்பை வைத்துத் தத்துவத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஆனால் ‘ஒருவன்’ என்று 400 பக்கம் எழுதினவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு ‘ஒருத்தி’ இருந்தாள். ஃபாயர்பாக்கும் மார்க்ஸும் சோசலிஸ்ட் ஹெஸ்ஸும் எழுதிய மறுப்புகளைவிட அவள் எழுதிய சில வரிகள் எனக்கு முக்கியம். அவளுடைய பணம் அவர் ‘உடைமை’ ஆனபோது, அவளுடைய ஒருமை எங்கே போயிற்று?


ஒற்றைப்பனை எழுதியது:

அக்கா, இதை நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு முறை படித்தேன். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டும்.


அலைவரிசை எழுதியது:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. மீம்களில் கண்ணாடி போட்டு, பக்கவாட்டில் ஒரு கோட்டோவிய முகம் வருமே, ‘எல்லாம் பேய்’ என்று சொல்லிக்கொண்டு, அது ஸ்டிர்னர்தானா? எனக்கு அவர் அறிமுகமானதே அந்தப் படம் வழியாகத்தான்.


பழைய நோட்டு எழுதியது:

அவரேதான் தம்பி. அவருடைய புகைப்படம் எதுவும் கிடைக்கவில்லை. 1892-ல் மெக்கே கேட்டுக்கொண்டதற்காக வயதான எங்கெல்ஸ் நினைவிலிருந்து வரைந்து கொடுத்த படம் அது. அவரை மறுத்து நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியவர்களில் ஒருவர்தான் அவர் முகத்தையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். ஐம்பது வருஷம் கழித்தும் அந்த நெற்றி எங்கெல்ஸுக்கு மறக்கவில்லை.

அப்படியே பின்னாளைய செல்வாக்கைப் பற்றியும் எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், இதில் பல வருஷ ஈடுபாடு உண்டு.

1848 புரட்சிக்குப் பிறகு ஸ்டிர்னரை உலகம் மறந்தது. 1856-ல் பூச்சி கடித்து விஷம் ஏறி இறந்தபோது பழைய கூட்டத்தில் பௌவர் போன்ற ஓரிருவர்தான் இடுகாட்டுக்கு வந்தார்கள். 1866-ல் லாங்கே என்பவர் பொருள்முதல்வாதத்தின் வரலாற்றைச் சொல்லும் நூலில் அவரைத் தொட்டுச் சென்றார். மெக்கேவுக்கு ஸ்டிர்னர் பெயர் கண்ணில் பட்டது அந்த நூலில்தான், லண்டனில், 1888-ல். பிறகு பத்து வருஷம் அலைந்து 1898-ல் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்தார். அவர் இல்லையென்றால் இன்று நாம் பேச எதுவுமே இருந்திருக்காது. இடையில் தத்துவவாதி நீட்சேயின் எழுத்து ஜெர்மனியெங்கும் பரவியபோது, ‘இவருக்கு முன்னாலேயே ஒருவர் சொன்னார்’ என்று ஸ்டிர்னரைத் தோண்டியெடுத்தார்கள்.

நீட்சே அவரைப் படித்தாரா என்பது தீராத வழக்கு. நீட்சேயின் நூல்களிலோ கடிதங்களிலோ ஸ்டிர்னர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. ஆனால் பாசெல் பல்கலைக்கழக நூலகத்தில் 1874-ல் அவருடைய பிரிய மாணவர் பௌம்கார்ட்னர் அந்தப் புத்தகத்தை எடுத்திருக்கிறார். ஆசிரியர் சொல்லித்தான் எடுத்ததாகச் சாட்சி உண்டு. ஒன்று மட்டும் எனக்குத் தெளிவு. நீட்சேக்கு நிகிலிசம் ஒரு நோய், அதைக் கடந்து புதிய மதிப்புகளைப் படைக்க வேண்டும். ஸ்டிர்னருக்குப் புதிய மதிப்பு என்பதே புதிய பேய். நீட்சே கனவு கண்ட ‘மீமனிதனை’ அவரிடம் காட்டியிருந்தால் அதுவும் பீடத்தில் ஏறிய இன்னொரு ‘மனிதன்’தான் என்றிருப்பார். இருவரையும் ஒரே மூட்டையில் கட்டுவது தவறு.

கலைஞர்களிடமும் போயிருக்கிறது. லண்டனில் டோரா மார்ஸ்டன் தன் பெண்ணுரிமைப் பத்திரிகையின் பெயரை 1914-ல் ‘தி ஈகோயிஸ்ட்’ என்று மாற்றியதற்குப் பின்னால் ஸ்டிர்னர் இருக்கிறார். ஓவியர் மார்செல் துஷாம்ப் ஒரு மீட்டர் நூலை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை கீழே விட்டு, அது விழுந்த வளைவையே புது அளவுகோலாக்கினாரே, அதற்கும் ஸ்டிர்னர் வாசிப்பைத் தொடர்புபடுத்தியிருக்கிறார். பாரிஸில் பூட்டி வைத்திருக்கும் மீட்டருக்கு எதிராக ஆளுக்கொரு மீட்டர். அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் துள்ளும்.


தறிச்சத்தம் எழுதியது:

ஐயா சொன்னது செல்வாக்கின் அழகான பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது.

1911 டிசம்பர், பாரிஸ், ஓர்டனேர் தெரு. வங்கிப் பணம் எடுத்துப்போன ஊழியரைப் பட்டப்பகலில் சுட்டுப் பணத்தைப் பறித்துக்கொண்டு காரில் தப்பினார்கள். போனோ கும்பல் என்று பெயர். 1912 மார்ச்சில் ஷான்டிலியில் வங்கிக்குள் புகுந்து ஊழியர்களைக் கொன்றார்கள். அந்த இளைஞர்கள் வெறும் திருடர்கள் இல்லை. அரசே வேண்டாம் என்ற தனிமனித அராஜகவாதிகள், ஸ்டிர்னரைப் படித்தவர்கள். சட்டம் பேய், ஒழுக்கம் பேய், எடுக்க முடிந்தது என்னுடையது என்று விவாதித்து வளர்ந்தவர்கள். விக்டர் செர்ஜ் அப்போது அதே வட்டத்தில் பத்திரிகை நடத்தியவர். கொள்ளையில் பங்கில்லாமலே 1913-ல் ஐந்து வருஷத் தண்டனை பெற்றார். அந்தச் சிந்தனை தன் நண்பர்களை எந்த முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்று பிற்பாடு வேதனையோடு எழுதினார்.

அந்த வங்கி ஊழியர்கள் முதலாளிகள் இல்லை ஐயா. மாதச் சம்பளக்காரர்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருந்தவர்கள். ‘ஒருவன்’ துப்பாக்கியோடு உள்ளே வந்தபோது அவர்களும் ஒவ்வொருவரும் ‘ஒருவன்’தானே?

1951-ல் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யூ கலகத்தைப் பற்றி எழுதிய நூலில் ஸ்டிர்னரை எடுத்துப் பேசியதும் இந்த வழியில்தான். எல்லாப் புனிதத்தையும் இடித்துவிட்டால் அழிவைத் தடுக்க எது மிச்சம் என்று கேட்டார். பேட்டர்சன் 1971-ல் எழுதிய ஆய்வின் தலைப்பிலேயே ‘நிகிலிஸ்டிக்’ என்ற சொல் இருக்கிறது. எனவே மணல்மேடு தோழர், அந்தப் பட்டம் சும்மா வந்ததில்லை.


ஒற்றைப்பனை எழுதியது:

இரண்டு நாள் யோசித்துவிட்டு வருகிறேன்.

போனோ கும்பலுக்கு ஸ்டிர்னரைப் பொறுப்பாக்க முடியாது என்று எழுத உட்கார்ந்தேன். மனிதகுலத்தின் பெயராலும் தேசத்தின் பெயராலும் செத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு, புனிதம் இருந்தால் கொலை நின்றுவிடும் என்பதற்கு 1914-ல் தொடங்கிய உலகப் போர் ஒன்றே பதில் என்று எழுதினேன். அதை இன்னும் நம்புகிறேன். ஆனால் வைகைக்கரை அக்காவின் கேள்விக்கு அது பதில் இல்லை. தறி அண்ணா கேட்ட வங்கி ஊழியருக்கும் பதில் இல்லை. அதனால் அழித்துவிட்டேன்.

விமர்சகர்களுக்கு ஸ்டிர்னர் 1845-ல் எழுதிய மறுமொழி ஒன்று இருக்கிறது. அதில் தான் அன்புக்கு எதிரி இல்லை, புனித அன்புக்குத்தான் எதிரி என்கிறார். சிந்தனைக்கு எதிரி இல்லை, புனிதச் சிந்தனைக்கு. சோசலிஸ்டுகளுக்கு எதிரி இல்லை, புனித சோசலிஸ்டுகளுக்கு. சுயநலம் என்றால் அடுத்தவனை மிதிப்பது என்று எடுத்துக்கொண்ட ஹெஸ்ஸுக்குத்தான் முக்கியமாக அந்தப் பதில். இப்போதைக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.


மணல்மேடு எழுதியது:

நான் பிறகு எழுதுகிறேன் என்று சொன்ன இடத்துக்கு நீங்களே கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள். நன்றி.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம் ஆகிறது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். முதல் வருஷம் இதை நான் ‘கடமை’ என்று செய்தேன். சொந்தக்காரர்கள் வந்து "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்பார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றவே செய்தேன். உள்ளே அவ்வளவு கோபம். தலையணையை வைக்கும்போது கை கொஞ்சம் வேகமாகப் போகும். அது அம்மாவுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டிர்னரிடம் ஒரு பத்தியைப் படித்தேன். மனிதர்களை நானும் நேசிக்கிறேன், ஒருவர் இருவரை மட்டும் இல்லை, எல்லோரையும், ஆனால் நேசிப்பது எனக்குச் சந்தோஷம் தருவதால் நேசிக்கிறேன், ‘அன்பு செய்’ என்ற கட்டளை எதுவும் எனக்குத் தெரியாது என்கிறார். ஒரு நாள் ராத்திரி கடமையையும் நல்ல பிள்ளை பட்டத்தையும் எடுத்துத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தேன். இவள் என் அம்மா, இவள் முதுகு வலிக்காமல் தூங்கினால் எனக்கு நிம்மதி, அவ்வளவுதான். கை மெதுவானது. நிகிலிஸ்ட் என்று அவரை யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று தைப்பது இதனால்தான்.

ஆனால் ஓட்டையும் அந்தக் கட்டிலிலேயே இருக்கிறது. இதுவரை சொன்னது எல்லாம் என் பக்கம். அம்மா பக்கத்திலிருந்து பாருங்கள். எனக்குப் பிரியம் இருக்கும்வரை அவளுக்குப் புண் வராது. நாளைக்கு எனக்கு அலுத்துவிட்டால்? அவளால் என்னோடு பேரம் பேச முடியாது, விலகிப் போகவும் முடியாது, ‘என் பலம்’ என்று காட்ட ஒரு கைதான் இருக்கிறது. ஸ்டிர்னர் சின்னப் பிள்ளையைப் பற்றி எழுதும்போது, பிரம்புக்குப் பின்னால் அதைவிட வலுவாக நம் பிடிவாதம் நிற்கிறது என்பார். படிக்கும்போது சிலிர்க்கும். பிடிவாதம் பிடிக்கக்கூடத் தெம்பில்லாத உடம்பைப் பற்றி அவர் எழுதவில்லை. இத்தனைக்கும் அவருடைய அம்மா மனநிலை பாதித்து 1830-களிலிருந்தே பெர்லினில் மற்றவர்கள் பராமரிப்பில் இருந்தவர், மகன் போன பிறகும் உயிரோடு இருந்தவர். அந்தப் பெண்ணை வேளைக்குச் சாப்பிட வைத்தது யாருடைய பிரியம்? ஏதோ ஒரு விதி, ஏதோ ஒரு சம்பளம், யாரோ ஒருவருடைய கடமை.

மார்க்ஸ் வழியில் தறிச்சத்தம் கடனையும் கூலியையும் வைத்துக் கேட்டார். அது சரியான கேள்வி. வைகைக்கரை சொன்ன மாரியும், தறிச்சத்தம் சொன்ன வங்கி ஊழியரும், என் அம்மாவும் கேட்பது அதற்கும் கீழே இருக்கிற கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவனுடைய பிரியத்தை நம்பி மட்டும் இருக்க முடியாதவர்களுக்கு, பேய் என்று நாம் விரட்டிய அந்தச் சொற்கள்தான் ஒரே கைப்பிடியாக இருக்கலாம். எனக்கு அவை தேவையில்லாமல் போனதால் அம்மாவுக்கும் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன்.


வைகைக்கரை எழுதியது:

தம்பி, அம்மாவுக்கு ஆறு அங்குலத் தண்ணீர்ப் படுக்கை கிடைக்குமா என்று பாருங்கள். என் மாமியாருக்கு அது ரொம்ப உதவியது. ராத்திரி ஒருமுறை புரட்டுவது குறையும். மற்றதைப் பிறகு பேசுவோம்.


ரைன்கரை எழுதியது:

நானும் உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

ஒற்றைப்பனை சொன்ன அந்த 1845 மறுமொழியில் ஒரு இடம் இருக்கிறது. ஸ்டிர்னர் சொல்கிற ‘ஃபெரைன்’, அதாவது ஒருவர்கள் சேர்கிற சேர்க்கை, உலகத்தில் எங்கே இருக்கிறது என்று ஹெஸ் கேட்கிறார். ஸ்டிர்னர் பெரிய விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. இந்த நேரத்தில் உம்முடைய சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் விளையாட ஒன்றுசேர்ந்து ஓடிக்கொண்டிருப்பார்கள், எட்டிப் பாரும் என்கிறார். பிறகு ஒரு காதல் சோடி, பிறகு வழியில் சந்தித்து ஒயின் குடிக்கப் போகிற நண்பர்கள்.

‘ஃபெரைன்’ என்பதை ‘சங்கம்’ என்று போட எனக்கு விருப்பமில்லை. சங்கம் என்றால் தலைவர், செயலாளர், சந்தா, கூட்டக் குறிப்பு எல்லாம் வந்துவிடும். இங்கே யேர்மனியிலும் ‘ஃபெரைன்’ என்ற சொல்லுக்கு இன்றைக்கு அதுதான் அர்த்தம், ஏழு பேர் கையெழுத்து வைத்துப் பதிய வேண்டும். தெருவில் பிள்ளைகள் ‘செட்டு’ சேருவார்களே, அந்தச் சொல்தான் கிட்ட வருகிறது. ஆனால் செட்டு சேரும்போது கடைசியாக ஒரு பிள்ளை மிஞ்சி நிற்கும், இரண்டு பக்கமும் எடுக்காமல். மணல்மேடு சொன்னதை வாசித்ததிலிருந்து எனக்கு அந்தப் பிள்ளைதான் கண்ணுக்குள் நிற்கிறது. ஊரில் நாங்கள் விளையாடும்போது அந்தப் பிள்ளையை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வைத்து, இரண்டு தரப்பிலும் ஆட விடுவோம். உங்கள் பக்கம் அதற்கு என்ன சொல் என்று யாராவது எழுதுங்கோ. அந்தப் பந்தியை மொழிபெயர்த்து நாளை இங்கே போடுகிறேன்.


அலைவரிசை எழுதியது:

எங்கள் ஊரில் ‘உப்புக்குச் சப்பாணி’ என்போம். அவுட் ஆனாலும் ஆட்டத்தில் இருக்கலாம்.